அலுமாரியில் உறங்கும் தேர்தல்கள்

தேர்தல் முடிந்த மறுநாளே துண்டுப்பிரசுரம் குப்பையாகிவிடுகிறது. மாத்தளைக் கடைவீதியில் அதிற் கடலை சுற்றுகிறார்கள். தோட்டத்து லயத்தில் அது அடுப்பு மூட்ட உதவுகிறது. நேற்றுவரை ஒலிபெருக்கியில் முழங்கியவரின் கதி இவ்வளவுதான். ஆயினும் அக்குப்பையிலிருந்து ஒன்றிரண்டை எடுத்துப் பத்திரப்படுத்துவோரும் உலகில் உளர்.

அமெரிக்காவில் இது பெரியதொரு பொழுதுபோக்கு. 1860இல் ஆபிரகாம் லிங்கன் போட்டியிட்டபோது, அவரது புகைப்படம் பதித்த சிறு பதக்கங்களை ஆதரவாளர் அணிந்து திரிந்தனர். 1896இல் மக்கின்லியும் பிரையனும் மோதிய தேர்தலில் செலுலாயிட் பூசிய பொத்தான்கள் ஏராளமாக வெளிவந்தன. இவற்றைச் சேர்ப்போர் 1945இல் தமக்கென ஒரு சங்கமே அமைத்துக்கொண்டனர்.

நமக்கு வாய்த்தவை நிறமும் சின்னமும். 1931இல் சர்வசன வாக்குரிமையின்கீழ் முதல் தேர்தல் நடந்தபோது, எழுத்தறியாதோரும் வாக்களிக்க வேண்டுமென்று வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் ஒதுக்கினர். விரும்பியவரின் நிறங்கொண்ட பெட்டியிற் சீட்டை இடுவதே முறை. 1936இலும் அவ்வாறே. 1947இல் சின்னங்கள் வந்தன. பின்வந்த தேர்தல்களில் யானையும் கையும் சாவியும் நட்சத்திரமும் சுவர்களில் ஏறின. தோட்டங்களிற் சேவல் பழகிற்று. 1982 டிசம்பர் மாதச் சர்வசன வாக்கெடுப்பிலோ, 'ஆம்' என்பதற்கு விளக்கு, 'இல்லை' என்பதற்குக் குடம்! நம் வீடுகளில் இரண்டும் மங்கலப் பொருள்கள். அவற்றைப் பகைவராக்கிய வேடிக்கையை என்னென்பது! விருப்பு வாக்கு முறையில் நடந்த 1989ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் சின்னத்தோடு இலக்கமும் சேர்ந்தது. மாத்தளை மாவட்டத்திற்கு ஐந்து உறுப்பினர். பட்டியலிலோ எட்டுப் பெயர்கள். ஆகவே இங்குள்ள பிரசுரங்களில் 1 முதல் 8 வரை காணலாம்.

மாணவர்கள் இவற்றைச் சேர்க்கச் செலவு ஏதுமில்லை. கிடைத்த நாளையும் ஊரையும் பின்புறத்திற் பென்சிலால் எழுதுக. ஒட்டுநாடா வேண்டா, அது காகிதத்தைப் பழுப்பாக்கும். ஈரமும் இராமபாணப் பூச்சியும் அணுகாமற் பார்த்துக்கொள்க. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் திரிபிடகத்தை ஏட்டில் எழுதிவைத்த இடமென்று மரபு போற்றும் அலுவிகாரை மாத்தளை நகரின் அருகிலேயே இருக்கிறது; ஏடு காத்த ஊரிற் காகிதம் காப்பது அரிதா என்ன?

ஆனால் மலையகத் தோட்டக் குடும்பமொன்று தன் சேகரிப்பை ஆண்டு வரிசையில் அடுக்கும்போது நடுவில் ஒரு பெரும் வெற்றிடம் தோன்றும். அதனைச் சேகரித்தவரின் கவனக்குறைவென்று எண்ணற்க. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இல் திருத்திய தேர்தற் சட்டமும் இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்துவிட்டன. 1947இல் பாட்டனார் வாக்களித்தார். மகன் வளர்ந்து முதிர்ந்தும் வாக்கில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி சிலருக்கு எழுபதுகளிலும், வேறு பலருக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னருமே அவ்வுரிமை மீண்டது. வாக்கில்லாத வாசலுக்கு எந்த வேட்பாளர் பிரசுரம் கொண்டு வருவார்?

ஆயினும் அவ்வாண்டுகளுக்குரிய காகிதம் வீட்டில் வேறு உருவிற் கிடக்கலாம். தகரப் பெட்டியின் அடியில், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி இருக்கக்கூடும். அதனை நிராகரித்து வந்த கடிதமும் இருக்கக்கூடும். அவற்றையும் எடுத்து, 1947க்கு அடுத்த இடத்தில் வையுங்கள்.