ஸ்பேர் இல்லாத நாலு பேர்

முதல்ல ஒரு குட்டிக் கணக்கு. பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எதுவும் இல்லை.

ஒரு சிஸ்டத்துல நாலு பாகம் சீரிஸ்ல இருக்கு. ஒண்ணு நின்னா மொத்தமும் நின்னுடும். ஒவ்வொரு பாகத்தோட ரிலையபிலிட்டியும் 0.9. அப்போ மொத்த சிஸ்டத்துக்கு எவ்வளவு? 0.9 × 0.9 × 0.9 × 0.9 = 0.6561. தனித்தனியா எடுத்துப் பார்த்தா நாலுமே நல்ல பாகம்தான். சேர்த்துக் கட்டினதும், மூணு தடவையில ஒரு தடவை கவுக்கிற சிஸ்டமா ஆயிடுது. இன்ஜினியரிங் படிக்கிற யாரா இருந்தாலும் அடுத்துக் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "ஸ்பேர் எங்கே?"

ஸ்பேரே இருக்கக்கூடாதுன்னு வேணும்னே கட்டின ஒரு சிஸ்டம் இருக்கு. அது மெஷின் இல்லை, மனுஷங்க. மேற்கத்திய கிளாசிக்கல் இசையில வயலினும் செல்லோவும் வாசிச்சே பிழைக்கிறவங்களோட வேலையைப் பத்திதான் இந்தக் கட்டுரை. இசை தெரியலைன்னாலும் பரவாயில்லை, படிங்க. கணக்கு தெரிஞ்சா போதும்.

மூணு பாதை

பாடம் சொல்லிக் கொடுக்கிறதை ஓரமா வெச்சுட்டா, வயலினை ஒழுங்கா படிச்சு முடிச்ச ஒருத்தர் முன்னாடி பொதுவா மூணு பாதை இருக்கு.

முதல் பாதை ஆர்கெஸ்ட்ரா. பெரிய ஆர்கெஸ்ட்ராவுல முதல் வயலின் வரிசையில மட்டும் பதினாலு, பதினாறு பேர் உட்கார்ந்து ஒரே மெட்டை வாசிப்பாங்க. ஒருத்தருக்குக் காய்ச்சல்னா கச்சேரி நிக்காது. நம்ம பாஷையில இது பேரலல் சிஸ்டம். நல்ல ஆர்கெஸ்ட்ராவா கிடைச்சா நிலையான சம்பளமும் உண்டு.

ரெண்டாவது பாதை சோலோயிஸ்ட். அந்த ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னாடி தனியா நின்னு வாசிக்கிறவர். போஸ்டர்ல பெரிய எழுத்துல வர்றது இவர் பேர்தான்.

மூணாவது பாதை சேம்பர் மியூசிக், அதாவது சின்னக் குழு இசை. இதுல முக்கியமானது ஸ்ட்ரிங் குவார்டெட்: ரெண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. கண்டக்டர் கிடையாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு ஆள்தான். சேம்பர் மியூசிக்குக்கு இலக்கணமே அதுதான். பக்கத்துல அதே மெட்டை வாசிக்க இன்னொருத்தர் இருந்தா, அது வேற இசை ஆயிடும்.

முதல் பாதையில ஸ்பேர் இருக்கு. மத்த ரெண்டுலயும் என்ன நடக்குதுன்னு பார்ப்போம்.

தனி ஆள்

சோலோயிஸ்ட் ஆகணும்னா நுழையற வாசல்ல ஒண்ணு போட்டிகள். பெல்ஜியத்துல நடக்கிற குயின் எலிசபெத் போட்டி அதுல ரொம்பப் பேர் பெற்றது. 1937-ல வேற பேர்ல ஆரம்பிச்சப்போ வயலின்ல ஜெயிச்சவர் டேவிட் ஆய்ஸ்ட்ராக். வயலின் ஃபைனலுக்கு வர்ற 12 பேரையும் ஒரு வாரம் தனியா ஒரு இடத்துல தங்க வைப்பாங்க. ஃபோனை வாங்கி வெச்சுடுவாங்க. இதுவரைக்கும் வெளிவராத ஒரு புது கான்செர்ட்டோவைக் கையில கொடுத்து, வாத்தியார் உதவி இல்லாம நீங்களே கத்துக்கங்கன்னு விட்டுடுவாங்க. அவுட் ஆஃப் சிலபஸ்னு புலம்புறதுக்கு அங்கே ஆள் கிடையாது.

ஜெயிச்சாலும் அடுத்த பிரச்சினை கருவி. பெரிய மேடைகள்ல இருக்கிற நிறைய பேர் கையில 1700-கள்ல இத்தாலியில செஞ்ச வயலின் இருக்கும். ஜோஷுவா பெல்னு ஒரு அமெரிக்க சோலோயிஸ்ட். அவர்கிட்ட இருக்கிறது 1713-ல ஸ்ட்ராடிவாரி செஞ்சது. 2001-ல கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். அவ்வளவு பணம் இல்லாதவங்க, ஏதாவது அறக்கட்டளையோ பணக்காரரோ கடனாக் கொடுக்கிற கருவியை வாசிக்கிறாங்க. திருப்பிக் கேட்டா கொடுத்துடணும்.

அதே வயலினை எடுத்துக்கிட்டு 2007 ஜனவரியில பெல் ஒரு காரியம் பண்ணினார். ஒரு பத்திரிகையோட ஏற்பாட்டுல, தொப்பி போட்டுக்கிட்டு, வாஷிங்டன் மெட்ரோ ஸ்டேஷன் வாசல்ல நின்னு 43 நிமிஷம் வாசிச்சார். ஆபீஸ் போற நேரம். 1,097 பேர் கடந்து போனாங்க. ஒரு நிமிஷமாவது நின்னு கேட்டவங்க ஏழு பேர். அவரை அடையாளம் கண்டுபிடிச்ச ஒருத்தர் போட்ட 20 டாலரைத் தள்ளிட்டா, வசூல் 32 டாலர் 17 சென்ட். மூணு நாள் முன்னாடிதான் பாஸ்டன்ல அவர் கச்சேரி நடந்திருந்தது. அங்கே சுமாரான நல்ல சீட்டே 100 டாலர்.

இதைச் சொல்லி "ஜனங்களுக்கு ரசனை இல்லை"ன்னு முடிக்கிறவங்க உண்டு. ட்ரெயினைப் பிடிக்க ஓடுறவங்களைத் திட்டி என்ன பண்றது? எனக்கு இதுல தெரியறது வேற. வாசிப்பு ரெண்டு இடத்துலயும் அதே தரம்தான். மேடை, டிக்கெட், மேனேஜர், போஸ்டர்னு சுத்தி இருந்த ஏற்பாடு மட்டும்தான் மாறிச்சு. திறமை அந்த ஏற்பாட்டுக்குள்ள நுழையறதுக்கான அனுமதி. நுழைஞ்சப்புறம் எல்லாத்தையும் தாங்கறது ஒரே ஒரு உடம்பு.

அந்த உடம்பு நின்னா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஜாக்குலின் டூ ப்ரேயோட கதையைச் சொல்லணும். இங்கிலாந்து செல்லோக்காரர், பிறந்தது 1945. பதினாறு வயசுல லண்டன் விக்மோர் ஹால்ல முதல் பெரிய கச்சேரி. 1965-ல எல்கரோட செல்லோ கான்செர்ட்டோவை ரெக்கார்ட் பண்ணினப்போ வயசு 20. இன்னைக்கும் அந்த இசைன்னா பலர் முதல்ல தேடுறது அந்தப் பதிவைத்தான்.

1973 பிப்ரவரி. நியூயார்க்ல பிராம்ஸோட டபுள் கான்செர்ட்டோ, நாலு நாள் கச்சேரி. டூ ப்ரேக்கு விரல்ல உணர்ச்சி இல்லை. வில்லோட எடை கைக்குப் பிடிபடலை. செல்லோ பெட்டியைத் திறக்கிறதே கஷ்டமா இருந்தது. விரல் எங்கே இருக்குன்னு கண்ணால பார்த்துப் பார்த்து மூணு நாள் வாசிச்சாங்க. நாலாவது நாள் முடியலை. அந்த வருஷமே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு தெரிய வந்தது. வயசு 28. அதுக்கப்புறம் மேடை இல்லை. 1987-ல, 42 வயசுல இறந்துபோனாங்க.

அந்த நாலாவது நாள் கச்சேரி என்ன ஆச்சு தெரியுமா? நடந்துச்சு. ஐசக் ஸ்டெர்ன் வந்து வேற ஒரு கான்செர்ட்டோ வாசிச்சுக் கொடுத்தார். கச்சேரிக்கு ஸ்பேர் இருந்தது, அவங்களுக்குத்தான் இல்லை.

நாலு ஆள்

அப்போ நாலு பேரா சேர்ந்துட்டா பாரம் குறையுமா? ஆரம்பத்துல போட்ட கணக்கு அப்படிச் சொல்லலை. குவார்டெட்டுங்கிறது சீரிஸ் சிஸ்டம்.

தினசரி வேலையைப் பாருங்க. கண்டக்டர் இல்லாததால, எங்கே வேகம் எடுக்கணும், எந்த சுரத்துல நிக்கணும், வில்லை மேலேயா கீழேயா இழுக்கணும்னு ஒவ்வொண்ணையும் பேசித்தான் முடிவு பண்ணணும். நாலு பேருங்கிறதால ஓட்டு ரெண்டுக்கு ரெண்டுன்னு நின்னுடும் வேற. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல நாலு பேர் டீமா இருந்தவங்களுக்கு இது நல்லாவே புரியும். நமக்கு ஒரு வருஷம். இவங்களுக்கு முப்பது, நாற்பது வருஷம். அமெரிக்காவோட எமர்சன் குவார்டெட் ஒரு சண்டையை ஆரம்பத்துலயே ஒழிச்சுட்டாங்க: முதல் வயலின் நாற்காலியில ரெண்டு வயலின்காரர்களும் மாறி மாறி உட்கார்றதுன்னு. 1976-லேர்ந்து 2023 வரைக்கும் அந்தக் குழு ஓடிச்சு.

அடுத்தது பணம். சோலோயிஸ்ட் வாங்குற தொகை ஒருத்தருக்கு. குவார்டெட் வாங்குற தொகையில மேனேஜர் கமிஷன் போக மிச்சத்தை நாலாப் பிரிக்கணும். ஃப்ளைட்ல போனா நாலு பேருக்கு அஞ்சு டிக்கெட்! செல்லோவை லக்கேஜ்ல போட பயம், அதுக்குத் தனி சீட்.

இதுக்குப் பின்னாடி ஒரு பொருளாதார விதியே இருக்கு. 1960-கள்ல வில்லியம் பௌமல், வில்லியம் போவன்னு ரெண்டு பேர் நிகழ்கலைகளோட கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. பீத்தோவன் 1826-ல எழுதி முடிச்ச ஒரு குவார்டெட்டை வாசிக்க அப்போ நாலு பேர், சுமார் 40 நிமிஷம். இப்பவும் நாலு பேர், அதே 40 நிமிஷம். ஃபேக்டரியில ஒரு ஆள் செய்யற வேலை இதுக்குள்ள பல மடங்கு பெருகிடுச்சு, அதோட சேர்ந்து சம்பளமும் ஏறிடுச்சு. வயலின்காரரும் அதே ஊர்ல வாடகை கொடுத்து, அதே கடையில அரிசி வாங்கணும். அதனால அவர் சம்பளமும் ஏறித்தான் ஆகணும், வேலையோட வேகம் மட்டும் ஏறாது. அந்த இடைவெளியை டிக்கெட் விலையோ நன்கொடையோ அரசாங்கமோ அடைக்கணும். இதுக்குப் பேர் "காஸ்ட் டிசீஸ்". ஆஸ்பத்திரி, காலேஜ் ஃபீஸ் எல்லாம் ஏன் ஏறிக்கிட்டே போகுதுன்னு விளக்கவும் இதே கருத்தைத்தான் எடுக்கிறாங்க. மூணு பேரை வெச்சு ஆப்டிமைஸ் பண்ணலாமேன்னு தோணுதா? அது ட்ரையோ. 1.5எக்ஸ் வேகத்துல வாசிக்கலாமா? டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பாங்க.

அதனாலதான் நிறைய குவார்டெட்டுகள் ஏதாவது பல்கலைக்கழகத்தோட ஒட்டிக்கிட்டு வாழுது. பாடம் நடத்தினா நிலையான சம்பளம், மிச்ச நாள்ல கச்சேரிப் பயணம்.

ஒருத்தர் போயிட்டா?

இதுதான் உண்மையான கேள்வி. இதுக்கு மூணு குழு மூணு விதமா பதில் சொல்லியிருக்காங்க.

ஜூலியர்ட் குவார்டெட், 1946-ல ஆரம்பம். ஒருத்தர் விலகினா இன்னொருத்தரைச் சேர்த்துக்கிட்டாங்க. முதல் வயலின் ராபர்ட் மான் 1997 வரைக்கும் இருந்தார், அப்புறம் அவரும் விலகினார். ஆரம்பிச்ச நாலு பேர்ல ஒருத்தரும் இன்னைக்கு இல்லை. பேர் இருக்கு, குழு வாசிச்சுக்கிட்டே இருக்கு.

குவார்னேரி குவார்டெட், 1964-லேர்ந்து 2009 வரைக்கும். 45 வருஷத்துல ஒரே ஒரு மாற்றம்தான். செல்லோ வாசிச்ச டேவிட் சோயர் 2001-ல ஓய்வு பெற்றப்போ, அவர்கிட்டயே படிச்ச பீட்டர் வைலி அந்த நாற்காலிக்கு வந்தார்.

மூணாவது அமடியஸ் குவார்டெட். ஆஸ்திரியாவை நாஜிகள் பிடிச்சப்போ அங்கிருந்து பிரிட்டனுக்குத் தப்பி வந்த யூதப் பசங்க மூணு பேர்: நார்பர்ட் பிரெய்னின், சீக்மண்ட் நிசெல், பீட்டர் ஷிட்லாஃப். போர் வந்ததும், ஹிட்லருக்குப் பயந்து ஓடி வந்தவங்களையே எதிரி நாட்டுக்காரங்கன்னு சொல்லி பிரிட்டன் முகாம்ல அடைச்சுது. அந்த முகாம்கள்லதான் இவங்க ஒருத்தரையொருத்தர் சந்திச்சாங்க. மூணு பேருமே வயலின்காரங்க. குவார்டெட்டுக்கு வயோலா வேணும், அதனால ஷிட்லாஃப் வயலினை விட்டுட்டு வயோலாவுக்கு மாறினார். இங்கிலாந்துக்காரர் மார்ட்டின் லவட் செல்லோவோட சேர்ந்தார். 1948 ஜனவரியில விக்மோர் ஹால்ல அமடியஸ்ங்கிற பேர்ல முதல் கச்சேரி. அடுத்த நாற்பது வருஷத்துக்கு ஆள் மாறவே இல்லை.

1987-ல ஷிட்லாஃப் இறந்துபோனார். மிச்சம் மூணு பேரும் உயிரோட, வாசிக்கிற நிலைமையில இருந்தாங்க. உலகத்துல நல்ல வயோலாக்காரங்களுக்கும் பஞ்சம் இல்லை. ஆனா அவங்க இன்னொருத்தரைத் தேடலை. குவார்டெட்டைக் கலைச்சுட்டாங்க.

இன்ஜினியரா பார்த்தா இது தப்பான டிசைன். பாகம் போச்சு, மாத்து, சிஸ்டத்தை ஓட்டு. ஜூலியர்ட் பண்ணினது அதைத்தான், அதுவும் நியாயம்தான்: அதனாலதான் இன்னைக்கும் புதுசா ஒரு இருபது வயசுக்காரர் அவங்ககிட்ட கத்துக்க முடியுது. ஆனா அமடியஸ் பக்கமும் யோசிங்க. நாற்பது வருஷம் ஒருத்தர் மூச்சு விடறதைப் பார்த்து இன்னொருத்தர் வில்லை எடுத்திருக்காங்க. அந்த வயோலா நாற்காலியில இருந்தது "ஒரு வயோலா" இல்லை. வேற ஆள் உட்கார்ந்தா சுரம் சரியா வரும், குவார்டெட் வேறயா ஆயிடும்.

எனக்கு இதுலேர்ந்து புரிஞ்சது இவ்வளவுதான். இந்த வேலையில ஆபத்து எங்கேயிருந்து வருதோ, மதிப்பும் அங்கேயிருந்துதான் வருது. பதினாறு வயலின்ல ஒருத்தர் இல்லாதது சபையில யாருக்கும் தெரியாது. நாலுல ஒருத்தர் ஒரு நொடி தயங்கினா ஹால் முழுக்கத் தெரியும். நம்ம வேலைகள்ல பெரும்பாலும் ஸ்பேர் வைக்கத்தான் வேணும். பாலத்துக்கும் விமானத்துக்கும் அதுதான் சரி. ஆனா ஒருத்தரை இன்னொருத்தரால மாத்த முடியாதுன்னு ஆகிற அளவுக்கு ஒரு டீம் சேர்ந்து வேலை செஞ்சிருந்தா, அது குறையா, சாதனையான்னு இன்னைக்கு வரைக்கும் என்னால முடிவு பண்ண முடியலை.

கேட்டுப் பார்க்கணும்னு தோணினா பீத்தோவனோட ஓபஸ் 131-லேர்ந்து ஆரம்பிங்க. மேலே சொன்ன 1826 குவார்டெட் அதுதான். ஏழு பகுதி, நடுவுல நிறுத்தவே கூடாது. வாசிக்க வாசிக்கத் தந்தி இளகி சுருதி இறங்கும், நிறுத்தி முறுக்க நேரம் இருக்காது. நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் காது கொடுத்து விரலை அனுசரிச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் போகணும். அதே இசையை நடுவுல வெச்சு 2012-ல வந்த "எ லேட் குவார்டெட்" படமும் இருக்கு. செல்லோக்காரருக்கு பார்க்கின்சன்ஸ்னு தெரிஞ்சதும் ஒரு குழுவுல என்னென்ன உடையுதுங்கிறது கதை. செமஸ்டர் முடிஞ்சதும் உங்க ப்ராஜெக்ட் டீமோட உட்கார்ந்து பாருங்க. ரிவ்யூவுக்கு முன்னாடி மட்டும் வேண்டாம்.