மந்திரம் சொல்லும் கருப்புப் பொட்டு

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடந்து முடிப்பதற்குள் ‘ஓம் நமசிவாய’ காதிலேயே தங்கிவிடும். பெரிய ஒலிபெருக்கிகள் இருக்கட்டும். பூஜை சாமான் கடைகளில் கிடைக்குமே, உள்ளங்கையில் அடங்கும் மந்திரப் பெட்டி, அதற்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

மின் இணைப்பை எடுத்துவிட்டுத் திருகுகளைக் கழற்றினால் ஒரு சின்ன ஸ்பீக்கர், சில உதிரிபாகங்கள், பலகையின் நடுவே பொட்டு வைத்தாற்போல் கருப்பாக ஒரு பிசின் திட்டு. சிப் அதற்கு அடியில் இருக்கிறது. கால் முளைத்த பிளாஸ்டிக் உறைகூட இந்த விலைக்குக் கட்டாது. அதனால் சிலிக்கான் சில்லை அப்படியே பலகையில் ஒட்டி, முடியைவிட மெல்லிய கம்பிகளால் இணைத்து, மேலே ஒரு சொட்டு எப்பாக்ஸி விட்டுவிடுகிறார்கள். கெட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அந்தச் சில்லுக்குள் கணக்குப் போடும் பகுதியும் நினைவகமும் சேர்ந்தே இருக்கின்றன. மந்திரம் அங்கே வெறும் எண்கள். தொலைபேசித் தரத்துக்கே ஒலியை நொடிக்கு 8,000 முறை அளக்க வேண்டும். அளவுக்கு ஒரு பைட் என்றால், நான்கு நொடி மந்திரத்துக்கு 32,000 பைட். அடுத்தடுத்த அளவுகள் பெரிதாக மாறாததால் வித்தியாசத்தை மட்டும் எழுதிவைத்தால் பாதி இடம் போதும். பெட்டி ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பக்தி பாதிக் காரணம், நினைவகச் சிக்கனம் மீதி.

எண்ணைக் குரலாக்குவதில்தான் சாமர்த்தியம். சிப்புக்குத் தெரிந்தது மின்சாரத்தை விடுவதும் நிறுத்துவதும்தான். அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்து, விடும் நேரத்தை மட்டும் கூட்டிக் குறைக்கிறது. அந்த வேகத்துக்கு ஸ்பீக்கரின் சவ்வால் ஈடுகொடுக்க முடியாது. சராசரிக்குத் தக்கபடி மெல்ல அசைகிறது. அந்த அசைவுதான் நமக்குக் குரல்.

இந்தச் சில்லுக்கும் மூதாதையர் உண்டு. 1971இல் வந்த இன்டெல் 4004 சிப், ஜப்பானின் பிஸிகாம் நிறுவனத்துக்குக் கால்குலேட்டர் செய்யப் பிறந்தது, 2,300 டிரான்சிஸ்டர்கள். நினைவகத்தையும் அதே சில்லில் வைத்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ் 1000, 1974இல் விற்பனைக்கு வந்தது. நம் ரிமோட், வாஷிங் மெஷின், இன்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் அந்த வழியில் வந்தவை.

நம் நாட்டிலும் சிப் உருவாக்குகிறார்கள். சென்னை ஐஐடியின் ‘சக்தி’ செயலித் திட்டத்தில் 2020இல் ‘மௌஷிக்’ என்ற செயலி உருவானது. சில்லைச் செய்தது சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள அரசு செமிகண்டக்டர் ஆய்வகம். ஸ்மார்ட் கார்டு, கண்காணிப்பு கேமரா, பாதுகாப்புப் பூட்டு போன்றவற்றுக்கு அது. மந்திரப் பெட்டிக்கு அவ்வளவு மூளை எதற்கு? அங்கே சில ரூபாய் சிப்பே அதிகம்.