போலீஸ் அறிக்கையே மனு என்கிறது சட்டம்; எண் கிடைக்கும்வரை நம்பாதீர்கள்

தை அமாவாசைக் கூட்டத்தில் ராமேசுவரம் சாலையில் அடிபட்டவருக்கு, இழப்பீடு கேட்கும் கெடு ஏறத்தாழ ஆடி அமாவாசையை ஒட்டி முடிந்துவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு தரும் அவகாசம் ஆறு மாதம். விபத்து நடந்த நாளிலிருந்தே அது ஓடத் தொடங்குகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நாளோ, குற்றப்பத்திரிகை தாக்கலான நாளோ கணக்கில் வராது. இதைப் பற்றி வரும் வாசகர் கடிதங்களில் அதிகம் தென்படும் கேள்வி: “போலீஸ் கேஸ்தான் நடக்கிறதே, அது போதாதா?”

சட்டப் புத்தகத்தின்படி அது போதும். நடைமுறையை நம்பினால் போதாது.

1988ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஆறு மாதக் கெடு இருந்தது. தக்க காரணம் காட்டினால் பன்னிரண்டு மாதம்வரை மனுவை ஏற்கலாம் என்ற வழியும் இருந்தது. 1994இல் கெடுவையே நீக்கினார்கள். 27 ஆண்டுகளுக்கு மேல் காலவரம்பு இல்லாமல் இருந்த இந்த உரிமைக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மறுபடி ஆறு மாத வேலி போட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இம்முறை தாமதத்தை மன்னிக்கும் வாசகமும் சட்டத்தில் இல்லை.

அதே திருத்தம் ஈடாக ஒரு வசதியையும் தந்தது. 159ஆம் பிரிவின்படி போலீஸ் அனுப்பும் விபத்து அறிக்கையையே மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டு விதிகள் இதை நாள் கணக்காகப் பிரித்திருக்கின்றன. முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்துக்குள் போக வேண்டும். உங்கள் உரிமைகளைச் சொல்லும் படிவம் 10 நாளுக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும். இடைக்கால அறிக்கைக்கு 50 நாள். உங்கள் வருமானம், சிகிச்சைச் செலவு அடங்கிய படிவத்தை 60 நாளுக்குள் நீங்கள் கொடுக்க வேண்டும். விரிவான அறிக்கைக்கு 90 நாள். தில்லி உயர் நீதிமன்றம் 2009 முதல் வளர்த்தெடுத்த முறை இது. நாடு முழுக்க இதைக் கண்டிப்பாகச் செயல்படுத்த 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

நல்ல ஏற்பாடுதான். கால் எலும்பு முறிந்து கிடப்பவர் வக்கீலைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் உங்கள் உரிமையின் உயிர், நீங்கள் பார்க்காத ஓர் அறிக்கை போய்ச் சேர்ந்ததா என்பதில் தொங்குகிறது. நிலையத்தில் அது தங்கிப்போனால் அதிகாரி மேல் என்ன நடவடிக்கை வந்தாலும், ஆறு மாதத்தை இழப்பவர் நீங்கள்தான். ராமேசுவரத்துக்கு வந்து அடிபட்டுக் கோவைக்குத் திரும்பிய குடும்பத்துக்கு இது இன்னும் கடினம். விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்துக்கு அறிக்கை போகும். அவர்கள் வீட்டில் காத்திருப்பார்கள்.

அறிக்கை போய்ச் சேர்ந்தாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அடுத்த கவலை. அவசரப் பிரிவில் பணி மருத்துவர் எழுதும் ‘ஏ.ஆர். காப்பி’யை, அதாவது விபத்துப் பதிவேட்டு நகலைக் கவனியுங்கள். போலீஸ் தொல்லை வேண்டாம் என்று “வண்டி வழுக்கித் தானே விழுந்தார்” என உறவினர் சொன்னால் அதுவே பதிவாகும். பிறகு மோதிய கார்மேல் வழக்குப் போடும்போது, இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். மோதிய வண்டியையும் இடத்தையும் நேரத்தையும் முதல் வாய்மொழியிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது கவலை வருமானம். விசைப்படகில் பங்குக்குப் போகிறவரிடம் சம்பளச் சீட்டு கிடையாது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுக்கு 61 நாள் மீன்பிடித் தடையும் உண்டு. 60 நாளுக்குள் நீங்கள் தரும் படிவத்தில் வருமானக் கட்டத்தை வெறுமையாக விட்டால் தீர்ப்பாயம் தானே ஒரு தொகையை அனுமானிக்கும். 38 வயதுக்காரருக்கு ஆண்டு வருமானத்தை 15ஆல் பெருக்குவது உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு. சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போனவருக்கு, மாத வருமானத்தில் 5,000 ரூபாய் குறைத்து எழுதப்பட்டால், அந்த ஒரு தலைப்பில் மட்டும் 3,60,000 ரூபாய் போய்விடும். மீனவர் அடையாள அட்டை, படகு உரிமையாளரின் பங்குக் கணக்கு, வங்கிப் புத்தகம் என இருப்பதையெல்லாம் இணையுங்கள். தாள் இல்லை என்பதற்காகக் கைவிடவும் வேண்டாம். காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரிக்கு ஆவணம் ஏதுமின்றியே மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. வருமான இழப்பை 85 சதவீதமாக வைத்தது.

ஆகவே செய்ய வேண்டியது இது. முதல் மாதத்திலேயே நிலையத்துக்குப் போய் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்குங்கள். முதல் விபத்து அறிக்கை எந்தத் தேதியில் எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போனது என்று எழுத்தில் கேளுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள். தீர்ப்பாயம் மனுவுக்குத் தரும் எம்.சி.ஓ.பி. எண் கைக்கு வராதவரை உங்கள் வழக்கு தொடங்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது மாதத்திலும் எண் இல்லையென்றால் நீங்களே மனுப் போடுங்கள். போலீஸ் அறிக்கை பின்னால் வந்தால் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

மற்ற கேள்விகள் சுருக்கமாக:

எங்கே மனுப் போடுவது? விபத்து நடந்த ஊரில், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரில், அல்லது எதிர்த்தரப்பு வசிக்கும் ஊரில்.

இன்சூரன்ஸ் கம்பெனி சமரசத் தொகை சொல்கிறது, கையெழுத்துப் போடலாமா? இன்னும் ஆபரேஷன் பாக்கி இருந்தால் வேண்டாம். ஏற்றுக்கொண்டால் கணக்கு அதோடு முடிந்துவிடும்.

மோதிவிட்டு ஓடிய வண்டி தெரியவில்லையே? அதற்குத் தனித் திட்டம் உண்டு: உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்.

முதலுதவிச் செலவு? ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை.

டிரைவர் கிரிமினல் வழக்கில் விடுதலையானால்? இழப்பீட்டு வழக்குக்கு அவ்வளவு கடுமையான நிரூபணம் தேவையில்லை, தொடரலாம்.

வக்கீல் இழப்பீட்டில் பங்கு கேட்கிறார்? பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. கட்டணத்தை முன்பே பேசி எழுதி வாங்குங்கள்.

கெடு தாண்டிவிட்டதே? காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது இடைக்கால உத்தரவு. அதைக் காட்டி இன்றே மனுப் போடுங்கள். அதை நம்பி நாளைக்குத் தள்ளாதீர்கள்.