கரண்ட் கட்டானால் பேக்கப்பும் கட்? கம்ப்யூட்டரில் ஆட்டோமேட்டிக் பேக்கப் ஏன் நின்றுபோகிறது.. சரிசெய்வது எப்படி?

'பேக்கப்லாம் தானா நடந்துக்கும்' என்ற நம்பிக்கையில் இருப்பவர்களுக்கு, அது நடக்கவில்லை என்பது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் பழுதாகும் நாளில்தான் தெரியவருகிறது. அப்போது தெரிந்து பயனில்லை. வீட்டு கம்ப்யூட்டரில் நேரம் குறித்து வைத்த பேக்கப் ஏன் சத்தமில்லாமல் நின்றுபோகிறது? எங்கே பார்த்து சரிசெய்வது?

மதுரையில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் ஒருவர், தினமும் காலை 10 மணிக்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் ஆகும்படி விண்டோஸில் செட் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்புப் பணிக்காக காலை 9 மணிக்கே மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் என்ன ஆகும்?

டெஸ்க்டாப் என்றால் கம்ப்யூட்டரே ஓடாது. லேப்டாப் என்றால் பேட்டரியில் ஓடும். ஆனாலும் பேக்கப் நடக்காது. அதற்குக் காரணம் விண்டோஸிலேயே இருக்கும் ஒரு டிக் மார்க்.

பேட்டரியில் ஓடினால் ஏன் பேக்கப் ஆகாது?

விண்டோஸில் இந்த வேலைகளை நேரம் பார்த்து நடத்துவது 'டாஸ்க் ஷெட்யூலர்'. அதில் புதிதாக ஒரு டாஸ்க் உருவாக்கினால், மின் இணைப்பில் இருக்கும்போது மட்டுமே தொடங்கு, பேட்டரிக்கு மாறினால் நிறுத்து என்ற இரண்டு நிபந்தனைகளும் தானாகவே டிக் ஆகியிருக்கும். 'கண்டிஷன்ஸ்' பகுதிக்குச் சென்று இரண்டையும் எடுத்துவிடலாம்.

யுஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டரோடு இணைத்த யுபிஎஸ்ஸையும் விண்டோஸ் பேட்டரியாகவே பார்க்கும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடினால் இந்தச் சிக்கல் இல்லை. கம்ப்யூட்டருக்கு அது வழக்கமான கரண்ட்தான்.

தவறிய பேக்கப் பிறகு நடக்குமா?

தானாக நடக்காது. 'செட்டிங்ஸ்' பகுதியில், குறித்த நேரம் தவறினால் முடிந்தவரை சீக்கிரம் இயக்கு என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை டிக் செய்தால்தான், கரண்ட் வந்து கம்ப்யூட்டரை ஆன் செய்த பிறகு விடுபட்ட பேக்கப் நடக்கும். ஆன் செய்த அடுத்த நொடியே தொடங்கவில்லையே என்று பதற வேண்டாம், சில நிமிடங்கள் ஆகும்.

இரவில் பேக்கப் வைப்பவர்கள், கம்ப்யூட்டரை எழுப்பி இயக்கும் 'வேக்' நிபந்தனையையும் டிக் செய்ய வேண்டும். இது ஸ்லீப்பில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு மட்டுமே. ஷட் டவுன் செய்துவிட்டுப் படுத்தால் பலன் இல்லை.

வேறு என்ன காரணங்கள்?

டிரைவ் எழுத்து: நேற்று 'இ' டிரைவாக இருந்த ஹார்ட் டிஸ்க், இடையில் ஒரு பென்டிரைவ் செருகியதால் இன்று 'எஃப்' ஆகியிருக்கலாம். பேக்கப் பழைய இடத்தையே தேடி ஏமாறும். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டில் அதற்கென கடைசி எழுத்துகளில் ஒன்றை ஒதுக்கிவிட்டால் குழப்பம் குறையும்.

பாஸ்வேர்டு: லாக்-இன் செய்யாதபோதும் இயங்கு என்று பாஸ்வேர்டு கொடுத்து வைத்திருந்தால், பாஸ்வேர்டை மாற்றியதும் டாஸ்க் நின்றுவிடும். புதியதை அங்கேயும் கொடுக்க வேண்டும்.

இடமின்மை: பேக்கப் டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள்.

ஓடியதா இல்லையா.. எப்படித் தெரியும்?

டாஸ்க் பட்டியலில் கடைசியாக ஓடிய நேரமும் அதன் முடிவும் இருக்கும். வலது பக்கத்தில் ஹிஸ்டரி வசதியை ஆன் செய்தால் ஒவ்வொரு முறை நடந்ததும் பதிவாகும். ஃபைல்களை நகலெடுக்க 'ரோபோகாப்பி' பயன்படுத்துபவர்கள் முடிவு 1 என்று வந்தால் பயப்பட வேண்டாம். ஃபைல்கள் நகலாகிவிட்டன என்றே பொருள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் கோளாறு.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. மென்பொருள் உருவாக்குபவர்கள் பயன்படுத்தும் கிட்லேப் தளத்தில், 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், அது பல நாட்களாகவே தோல்வியடைந்து கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் இ-மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்த நகல்தான் கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்தில் பதிவான தகவல்கள் போனது போனதுதான்.

ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் போதுமா?

போதாது. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலப்படுத்திய '3-2-1' விதி இதற்கு உதவும். 3 நகல்கள், 2 வகை சேமிப்புகள், அதில் 1 வீட்டுக்கு வெளியே. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை போன்ற ரான்சம்வேர் தாக்கினால், எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்து பூட்டப்படும். எனவே ஒரு டிஸ்க்கையாவது பேக்கப் முடிந்ததும் கழற்றி வைப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து நாலைந்து போட்டோக்களை வேறு ஃபோல்டருக்கு எடுத்து, திறந்து பாருங்கள். திறந்தால் உங்களிடம் பேக்கப் இருக்கிறது. திறக்கவில்லை என்றால், ஒரிஜினல் கையில் இருக்கும்போதே விஷயம் தெரிந்துவிட்டது, அன்றைக்கே சரிசெய்துவிடலாம்.