தலை சாய்க்கும் திரை

தவழும் குழந்தையைப் படம் பிடித்திருக்கிறீர்களா? அதன் கண் மட்டத்துக்குக் காமிரா இறங்க வேண்டும். கூடவே நீங்களும் தரையில் படுக்க வேண்டும்! காமிராவின் முதுகிலுள்ள திரை மேல்நோக்கிச் சாய்ந்தால் இந்த அவஸ்தை இல்லை. உட்கார்ந்தபடியே எடுத்துவிடலாம்.

ஆனால், 36க்கு 24 மில்லிமீட்டர் சென்சார் கொண்ட 'ஃபுல் ஃப்ரேம்' டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களுக்கு இந்த வசதி தாமதமாகத்தான் வந்தது. "கீல் உடையும், தூசி புகும், தொழில்காரர்களுக்கு ஆகாது" என்று ஒரு பயம். 2014-ல் வந்த நிக்கான் டி750 அந்தத் தயக்கத்தை விட்டது. 2017-ல் வந்த டி850, தொழில்காரர்களுக்கென்றே பிறந்த காமிரா. அதிலும் சாயும் திரைதான். அதே ஆண்டு கானன் 6டி மார்க் 2-ன் திரை பக்கவாட்டில் திறந்து, சுழலவும் செய்தது.

குறை இல்லையா? உண்டு. நிக்கான் திரை மேலும் கீழும்தான் சாயும். காமிராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் உதவாது. திரையைப் பார்த்து எடுக்கையில் டி750 'ஃபோகஸ்' பிடிப்பதிலும் மந்தம். குழந்தை அதற்குள் சமையலறைக்கே போய்விடும்!

பழைய காமிரா வாங்கப் போகிறீர்களா? திரையை நாலு முறை இழுத்துச் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள். சாயும் திரை தேவைதானா என்று கேட்டால், என் பதில் இதுதான்: காமிராவின் கீல் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், நம் முழங்கால் கீலை?