விரலுக்கும் செவிக்கும் எட்டும் எழுத்து

கண்களை மூடிக்கொண்டு இந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பான தாளைத் தவிர வேறொன்றும் தெரியாது. அச்சு மை கண்ணை நம்பியே தாளில் இடப்படுகிறது. உலகிலுள்ள நூல்களில் மிகப் பெரும்பாலானவை பார்வையற்ற மாணவருக்கு இந்த நிலையில்தான் இருக்கின்றன. அவருக்கு இல்லாதது படிக்கும் திறமை அன்று. படிக்கத்தக்க வடிவில் அமைந்த நூல். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பிரான்சில் 1809ஆம் ஆண்டு பிறந்த லூயி பிரெயில், மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் கூரிய கருவியால் கண்ணில் காயம்பட்டுப் பின்னர் பார்வையை முற்றிலும் இழந்தார். பாரிசில் அவர் சேர்ந்த பள்ளியில், அச்செழுத்துகளையே பெரிதாக்கித் தாளில் மேடாக எழுப்பிப் படிக்கக் கொடுத்தனர். கண்ணுக்காகப் பிறந்த வளைவுகளையும் கோடுகளையும் விரல் தடவித் தடவி அறிய நெடுநேரம் பிடித்தது. இராணுவ அதிகாரியான சார்லஸ் பார்பியே 12 புள்ளிகளைக் கொண்ட ஒரு முறையை வகுத்திருந்தார். அதைச் சுருக்கி, 6 புள்ளிகளில் முடித்தார் பிரெயில். 1824இல் இதைச் செய்தபோது அவருக்கு வயது 15!

ஏன் ஆறு? விரல் நுனியின் அடியில் ஒரே தொடுதலில் அடங்கும் அளவு அது. ஒவ்வொரு புள்ளியும் எழும்பி இருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் 64 வகைகள் கிடைக்கும். எதுவும் எழும்பாத வெற்றிடத்தை நீக்கினால் 63. (எழுத்தாணியால் குத்தி எழுதும்போது வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும்.)

'தமிழில் 247 எழுத்துகள் உள்ளனவே, 63 குறிகள் போதுமா?' என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகப் போதும். உயிர்களுக்கும் மெய்களுக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தால், உயிர்மெய்களை அவற்றைச் சேர்த்தே எழுதிவிடலாம் அல்லவா? 'கொ' என்னும் எழுத்தை அச்சில் பாருங்கள். இடப்பக்கம் ஒரு கொம்பு, நடுவில் 'க', வலப்பக்கம் ஒரு கால். பிரெயிலில் இந்தச் சுற்றல் இல்லை. முதலில் 'க', அடுத்து 'ஒ'. ஒலிக்கும் வரிசையே எழுதும் வரிசை. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில், ஒரே ஒலிக்கு ஒரே குறி என்பதை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே தமிழ்க் 'க'வும் இந்திக் 'க'வும் விரலுக்கு ஒன்றே.

கண்ணுக்குத் தெரியும் உருவம் வேறு, எழுத்து வேறு என்ற இந்தப் பாடத்தைக் கணிப்பொறித் துறை மிகத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது.

இன்று பார்வையற்றோர் பலர் திரைவாசிப்பான் என்னும் நிரலைக் கொண்டு கணிப்பொறியையும் கைபேசியையும் கையாளுகின்றனர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்பது இவற்றுள் ஒன்று. அது இலவசமாகவே கிடைக்கிறது. இத்தகைய நிரல் திரையைக் கண்ணால் பார்ப்பதில்லை. எழுத்துகளுக்குப் பின்னால் பதிவாகியுள்ள எண்களை எடுத்து ஒலியாக மாற்றுகிறது. யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் 'அம்மா' என்ற சொல் 2949, 2990, 3021, 2990, 3006 என்னும் ஐந்து எண்களாகும். அ, ம, புள்ளி, ம, கால். நிரலுக்கு ஐயமே எழாது.

ஒருங்குறி பரவுவதற்கு முன் நாம் செய்தது என்ன? ஆங்கில எழுத்துகளின் எண்களையே வைத்துக்கொண்டு, அவற்றுக்குத் தமிழ் உருவங்களைப் போர்த்தினோம். 'பாமினி' எழுத்துருவில் 'அம்மா' என்று திரையில் தெரிவது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பார்ப்பவருக்குத் தமிழ், திரைவாசிப்பானுக்கோ பொருளற்ற ஆங்கில உளறல். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள் இன்னும் புழங்குகின்றன.

இதைவிட மோசமானது படம். தட்டெழுதிய அறிவிப்பை அச்சிட்டு, முத்திரையிட்டு, கையொப்பமிட்டு, பின் அதை வருடிப் படமாக வெளியிடும் வழக்கத்தைப் பல அலுவலகங்களில் காணலாம். முத்திரை தெரிய வேண்டுமாம்! மூலக் கோப்பு அதே மேசையில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்து வெளியிட எந்தச் செலவும் இல்லை. தேர்வு அறிவிப்பைத் தானே படிக்கக்கூடிய ஒருவர், இதனால் பிறர் தயவை நாட நேர்கிறது. வங்கிக் கடிதமும் மருத்துவ அறிக்கையும் படமாக வந்தால், தன் சொந்தச் செய்திகளை முதலில் அறிபவர் வேறொருவராகிவிடுகிறார்.

சட்டம் இதைச் சலுகையாகப் பார்க்கவில்லை. அச்சிலும் மின்னணு ஊடகத்திலும் வெளியாகும் செய்திகள் எல்லாரும் அணுகும் வடிவில் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். கேமராவின் முன் கண் சிமிட்டி அடையாளத்தை மெய்ப்பிக்கச் சொல்லும் முறை, பார்வையற்றோரையும் அமிலத் தாக்குதலில் முகம் சிதைந்தோரையும் வங்கிச் சேவைக்கு வெளியே நிறுத்தியது. அவ்வழக்கில் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது. நூல்களைப் பொறுத்தவரை, மராக்கேஷ் நகரில் 2013இல் ஓர் உலக உடன்படிக்கை உருவாயிற்று. பதிப்புரிமையாளரின் இசைவுக்குக் காத்திராமல் நூல்களைப் பார்வையற்றோருக்கேற்ற வடிவுக்கு மாற்றவும், நாடுகளிடையே பரிமாறவும் அது வழிசெய்கிறது. அதற்கு முதலில் ஏற்புறுதி அளித்த நாடு இந்தியா (2014).

உங்களிடமுள்ள தமிழ்க் கோப்பு எப்படிப்பட்டது என்று நீங்களே சோதிக்கலாம். ஒரு சொல்லை நகலெடுத்து, மற்றோர் இடத்தில் வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் நன்று. ஆங்கில எழுத்துகளாக வந்தால் பழைய எழுத்துரு. அதை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் உள்ளன. சொல்லைத் தனியே பிடிக்கவே முடியாவிட்டால் அது பெரும்பாலும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் நிரல்கள் தமிழுக்கும் உண்டு. ஆனால் அவை சில வேளை காலை 'ர' என்றும், 'ர'வைக் கால் என்றும் மயங்கிப் படித்துவிடும். எனவே ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஒரு பாடநூலின் ஓர் இயலை எடுத்துக்கொண்டு கல்லூரி மாணவர்கள் செய்யத்தக்க வேலை இது. ஆதாய நோக்கமின்றிச் செய்தால், 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டமும் அதற்குக் குறுக்கே நிற்பதில்லை.