கைத்தூய்மைத் திரவமும் செடியும்



கொரோனாப் பெருநோய்க்குப் பின் பள்ளிகள் மீண்டும் திறந்தபொழுது, நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியின் வாயிலில் ஒரு மேசையிட்டுச் சானிடைசர்ப் புட்டி வைத்தோம். மேசையின் அருகே இரண்டு துளசித் தொட்டிகள் இருந்தன. பிள்ளைகள் கையில் தேய்த்தது போக எஞ்சியதை அங்கேயே உதறுவார்கள். விளையாட்டாகச் செடியின் மேலேயே பீய்ச்சியவர்களும் உண்டு. சில வாரங்களில் இலைகள் பழுப்புற்றுச் சுருண்டன. நீர் ஊற்றவில்லையென்று தோட்டக்காரரைக் கடிந்துகொண்டேன். அவர் மறுமொழி கூறாமல் தொட்டி மண்ணில் விரலைப் புதைத்துக் காட்டினார். மண் ஈரமாகவே இருந்தது. பல்லாண்டு அறிவியல் கற்பித்த நான் அன்று நாணினேன்.

அத்திரவத்தில் இருப்பது யாது? உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த இரு முறைகளுள் ஒன்றின்படி, நூற்றுக்கு 80 பங்கு எரிசாராயம், கிளிசரின் 1.45 பங்கு, ஹைட்ரஜன் பெராக்சைடு 0.125 பங்கு, எஞ்சியது நீர். சாராயம் என்றவுடன் நம் புதுச்சேரிப் பிள்ளைகள் புன்னகை புரிவதை நான் அறிவேன். பொருள் ஒன்றேதான். 2020ஆம் ஆண்டில் மது வடிசாலைகளும் இத்திரவத்தைச் செய்ய இந்திய அரசு இசைவளித்தது அதனாலேயே.

எரிசாராயம் கிருமியின் கொழுப்புப் படலத்தைச் சிதைத்து, புரதங்களைத் திரியச் செய்து அதனைக் கொல்லுகிறது. இலையின் உயிரணுக்களுக்கும் கொழுப்பும் புரதமும் கலந்த சவ்வு உண்டன்றோ? இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சு ஓரளவு காக்கும். மீண்டும் மீண்டும் நனைத்தால் அக்காப்பு குலைந்து, சவ்வு கிழிந்து, உள்நீர் வெளியேறுகிறது. வேரடியில் ஈரம் இருந்தும் இலை உலர்வது இவ்வாறே. பச்சையம் எரிசாராயத்தில் கரைவதை நீங்களே கண்டிருக்கிறீர்கள்: மாச்சத்தைக் கண்டறியும் சோதனையில், கொதிநீர்க் கலத்தினுள் வைத்த எரிசாராயத்தில் இலையை இட்டால் அது வெளிறிவிடும்.

மண்ணில் சிந்தும் சில துளிகளால் அத்துணைத் தீங்கில்லை. ஒரு பகுதி ஆவியாகும். மற்றதை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உணவாகக் கொள்ளும்.

இனி, எரிசாராயம் செடிக்கு முற்றிலும் அயலான பொருளென்று எண்ணவேண்டா. பாகூர் வயல்களில் மழைநீர் தேங்கி, காற்றில்லாமல் நெல்விதை மூழ்கிக் கிடக்கும்பொழுது, அது தன்னிடமுள்ள மாச்சத்தைச் சர்க்கரையாக்கி, அச்சர்க்கரையை நொதிக்கச் செய்து உயிர் பிழைக்கிறது. அந்நொதிப்பில் எரிசாராயம் தானே உண்டாகிறது. அளவும் காலமுமே வேறுபாடு செய்கின்றன. திசு வளர்ப்புக் கூடங்களில் 70 விழுக்காட்டு எரிசாராயத்தில் செடித்துண்டுகளை அரை நிமிடமளவு நனைத்துத் தூய்மை செய்கிறார்கள்; மிகுதியாக நனைத்தால் கிருமியோடு செடியும் மாளும்.

அளவைப் பற்றி ஒரு வியப்பான செய்தி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மில்லர் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் நார்சிசஸ் என்னும் கிழங்குச் செடிக்கு 4 முதல் 6 விழுக்காடு எரிசாராயம் கலந்த நீரை வைத்தனர். தண்டும் இலையும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குட்டையாயின, மலரோ குன்றவில்லை! அம்முடிவு 2006இல் வெளிவந்தது. கரைசலிலிருந்து நீரை உறிஞ்சுவது வேருக்குக் கடினமாகி, தண்டு நீள இயலவில்லை என்பது அவர்கள் கருத்து. நெட்டையாகிச் சாயும் செடிக்கு அது நன்மையாயிற்று. செறிவு மிகுந்தால் செடி நலிந்துவிடும்.

நீங்களும் ஆராயலாம். மேற்சொன்ன 80 விழுக்காட்டுத் திரவம் ஒரு பங்கிற்குப் பதினைந்து பங்கு நீர் கலந்தால் 5 விழுக்காடாகும். தீயினருகே செய்யாதீர்கள். மூன்று தட்டுகளில் ஈரத்துணி விரித்து, ஒவ்வொன்றிலும் இருபது பச்சைப்பயறு இடுக. முதலாவதற்கு வெறும் நீர், இரண்டாவதற்கு அக்கலவை, மூன்றாவதற்குக் கிளிசரின் சிறிதே கலந்த நீர். எரிசாராயம் ஆவியாகாதபடி தட்டுகளை மூடி வைத்து, ஏழு நாள் முளைகளை எண்ணி, நீளத்தை அளந்து எழுதி வருக. மூன்றாவது தட்டு வீண்வேலை என்று தோன்றும். அஃதில்லாவிடில், முளையைத் தடுத்தது எரிசாராயமா கிளிசரினா என்று எவரேனும் வினவும்பொழுது உங்களால் விடை கூற இயலாது.